சுவருக்குள் போகும் வழி

ஒரு ஆம்லெட் ஆறிப்போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், நான் நேரத்தில் சொல்ல மாட்டேன், தூரத்தில் சொல்வேன். அறுபத்திரண்டு தப்படி. சமையல்கட்டு வாசலைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, பக்கத்து வராந்தா வழியாக ஆபீஸ் அறையைச் சுற்றி, முன் வராந்தாவுக்கு வந்து, அந்தப் பெரிய கதவைத் தோளால் முட்டித் திறந்து, ஹாலைத் தாண்டிச் சாப்பாட்டறை மேஜையில் கொண்டுபோய் வைக்கும்போது அதன் உயிர் போயிருக்கும். மழை நாளில் வழியிலேயே குளிப்பாட்டலும் நடந்துவிடும்.

இது ஒரு காலத்தில் காப்பித் தோட்டத்துத் துரையின் வீடு. தோட்டம் பாதி காடாகி, மீதி கைமாறி, வீடு மட்டும் மேட்டின் மேல் தனியாக நின்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மேடம் அதை வாங்கி, ஒட்டடை அடித்து, அறைக்கு அறை வெள்ளைத் திரை தொங்கவிட்டு, விருந்தாளிகள் வந்து தங்கும் இடமாக ஆக்கினார். இரவு படுக்கை, காலையில் சாப்பாடு, அவ்வளவுதான். மத்தியானம் பசித்தால் டவுனுக்குத்தான் போக வேண்டும். படுக்கை என் தங்கச்சியின் பொறுப்பு. அவள்மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. போர்வை ஆறிப்போவதில்லையே, அவளுக்கென்ன?

அடுப்பு என் பொறுப்பு. மேடம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே நான் இந்த அடுப்புக்கு வந்துவிட்டேன். அப்போது இங்கே இருந்த தோட்டத்து மேனேஜர்கள் சமையல்கட்டுக்கே வந்து, பலகையை இழுத்துப் போட்டு, வாணலியிலிருந்து நேராகத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். என் கைச் சாப்பாட்டை ஆறினது என்று சொன்ன ஆள் அப்போது பிறக்கவில்லை.

அந்தக் காலத்தில் வீடு தீப்பிடித்துவிடும் என்று சமையல்கட்டைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். சரி, அது புரிகிறது. ஆனால் சமையல்கட்டு வாசலில் நின்றால் சாப்பாட்டறையின் பின்சுவர் என் மூஞ்சிக்கு நேரே நிற்கும். உள்ளே விருந்தாளி தும்மினால் எனக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம். பதினொரு தப்படிதான், குறுக்கே இரண்டடி கனத்துக்கு அந்தச் சுவர் மட்டும் இல்லாமல் இருந்தால்.

நானும் சும்மா இருக்கவில்லை. தட்டுக்கு மூடி போட்டேன், மூடிக்குள் வியர்த்து டோஸ்ட் நமத்துப்போனது. மூடியை எடுத்துவிட்டுத் துணி சுற்றினேன், துணியில் பாதி முட்டை ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டறையில் மின்சார அடுப்பு வைத்தால் அங்கேயே சுட்டுத் தரலாம் என்றேன். வைத்த அன்றே வீடு முழுக்க விளக்கு அணைந்து, மேல் மாடியில் தலையில் சோப்போடு ஒரு விருந்தாளி கத்தினார். பழைய வயரிங். அதையும் மாற்றக் கூடாதாம். அதுவும் பழமையாம்.

பழமை, பழமை என்று இந்த வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுவிடுவேன். வீடு ஏதோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் டவுனிலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற என்ஜினீயர். சட்டைப் பையில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு இரும்பு வைத்திருப்பார். எந்தச் சுவரைக் கண்டாலும் அதால் சுரண்டி, உதிர்ந்த சுண்ணாம்பை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்ப்பார். என் தங்கச்சி அவருக்குச் சுரண்டி சார் என்று பெயர் வைத்துவிட்டாள். நேரில் கூப்பிட்டுவிடுவோமோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் பயம்.

சுவரில் ஒரு வழி வைக்க வேண்டும் என்று மேடத்திடம் நான் கேட்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

"சமையலம்மா, இது நூத்தம்பது வருஷத்துச் சுவர். அதுல போய் ஓட்டை போடுன்னு சொல்றீங்களே" என்பார், குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர் சிரித்துக்கொண்டே, தோளில் கை வைத்துக்கொண்டே மாட்டேன் என்பார். சிரிக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேடம் கையில் போனோடு சமையல்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். விருந்தாளிகள் வீட்டுக்குப் போய் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"'வீடு சொர்க்கம். முட்டை ஐஸ்.' இது ஒண்ணு. 'காலைச் சாப்பாடு நேத்து சமைச்சதோன்னு சந்தேகம்.' இது இன்னொண்ணு. இந்த மாசம் மட்டும் ஒம்பது பேர் எழுதியிருக்காங்க."

நேற்றுச் சமைத்ததாம்! விடியும் முன்பே எழுந்து மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறவளைப் பார்த்து! எனக்குக் காது மடல் சுட்டது.

"நடந்து பாத்தா தெரியும் மேடம். அந்தத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு தடவை நீங்க நடங்க."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலை. இந்த சீசன் முடியறவரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே எழுதினாங்கன்னா, டவுன்ல ஒரு பேக்கரில பேசி வச்சிருக்கேன். தினமும் காலைல டப்பா டப்பாவா கொண்டுவந்து குடுத்துடுவாங்க. ஜாம், பன்னு, ஒரு பழம். ஆறிப்போறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை பாருங்க."

"அப்ப அடுப்பு?"

"அடுப்பு எதுக்கு?" என்றார் மேடம், மிகவும் சாதாரணமாக. "உங்களுக்கு இங்க வேற எவ்வளவோ வேலை இருக்கே. நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல் என்ன செய்வது? எனக்கு வேறு வேலை வேண்டாம். திரை துவைக்கவும் பூச்சாடி துடைக்கவும் நான் இங்கே பதினாறு வருஷம் நிற்கவில்லை. நான் சமைக்கிறவள். அந்த அடுப்பு அணைந்தால் இந்த மேட்டின் மேல் நான் யார்? அன்று ஆத்திரமெல்லாம் கத்தியில் இறங்கியது. வெங்காயம் நறுக்கியதில் பலகை இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம்.

வழி கிடைத்தது மழையால். சீசன் நடுவில் கோடை மழை ஒன்று அடித்துவிட்டு ஓய்ந்தது. முற்றத்துக் கல்தளத்தில் தேங்கிய தண்ணீரைத் தங்கச்சி துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்று தட்டோடு எப்படிப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கல்லுங்க மட்டும் ஏன்க்கா இப்படிப் பள்ளமா கெடக்கு? எத்தனை தள்ளினாலும் தண்ணி போகமாட்டேங்குது" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் அங்கங்கே தேங்கவில்லை, வரிசையாகத் தேங்கியிருந்தது. என் காலடியில் தொடங்கி, ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஒரு பள்ளம், நேராக, கோடு பிடித்த மாதிரி போய்ச் சாப்பாட்டறைச் சுவரில் முட்டி நின்றது. கல்லில் பள்ளம் விழ வேண்டுமானால் எத்தனை கால் நடந்திருக்க வேண்டும்! யாராவது சுவரைப் பார்த்து அத்தனை வருஷம் நடப்பார்களா?

தட்டை அப்படியே திண்டில் வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினேன். ஓர் இடத்தில் 'டப் டப்' என்று கெட்டியாகக் கேட்டது. ஒரு முழம் தள்ளித் தட்டினால் சத்தம் வேறு.

"அடியே, இங்க கதவு இருந்திருக்குடி!"

"அக்கா, ஆம்லெட்டு" என்றாள் தங்கச்சி. அன்றைக்கு அது ஆறினதில் எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்த வாரம் சுரண்டி சார் ஓட்டுக்கூரை பார்க்க வந்தார். காபி கொடுக்கிற சாக்கில் அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்து கல்லைக் காட்டினேன். என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. புதிதாக வழி வைக்கத்தானே கூடாது? ஏற்கெனவே இருந்த வழியைத் திறந்தால் அது பழமைதானே? இதைவிடச் சரியாக யார் யோசிக்க முடியும்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சுரண்டி சார் காபியைத் தரையில் வைத்தார். அது ஆறட்டும் என்று விட்டுவிட்டுக் கல்மேல் மண்டியிட்டு உட்கார்ந்தார். பள்ளத்தில் விரலை ஓட்டினார். பிறகு சுவரைச் சுரண்டினார், முகர்ந்தார், மறுபடி சுரண்டினார். அரை மணி நேரத்தில் ஒரு மர விட்டத்தின் ஓரம் தெரிந்தது.

"மேடம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் காக்கை எல்லாம் பறந்தது. "மேடம், சீக்கிரம் வாங்க! சர்வீஸ் வாசல்! ஒரிஜினல்!"

மேடம் வந்தார், பார்த்தார், கண் கலங்கினார். என்னைக் கட்டிக்கொண்டார். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

சுரண்டி சார் பழைய தோட்டத்துக் கடிதங்களைக் கிளறி மீதிக் கதையையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கட்டும்போதே வைத்த வாசல்தானாம். பல காலம் கழித்து வந்த ஒரு துரைசாணிக்குச் சாப்பிடும்போது சமையல்காரர்கள் உள்ளே வந்து போவது கண்ணை உறுத்தியதாம். அடைக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு வராந்தா வழியாகச் சுற்றி வந்து, வெளியில் நின்று, இன்னொரு ஆள் வாங்கி உள்ளே வைப்பாராம். என்றைக்கோ செத்துப்போன ஒரு பொம்பளையின் கண்ணில் உறுத்தல், அதற்கு என் முழங்காலில் வலி! கேட்டதும் வந்த ஆத்திரத்தில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். தங்கச்சிதான் வாயைப் பொத்தினாள்.

கொத்தனார் வந்து கல் கல்லாகப் பெயர்த்தார். சுவரில் ஆள் போகிற அளவுக்கு வழி விழுந்த அன்று முன் வராந்தா முழுக்கச் சுண்ணாம்பு மூட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் போகவே முடியாது. மேடமே சொன்னார், "இந்த நாலு நாளைக்கு நேரா இதுலயே கொண்டு வந்துடுங்க" என்று.

அந்த நாலு நாள் காலையும் நான் மனுஷியாக இருந்தேன். பதினொரு தப்படி. தட்டை வைக்கும்போது வெண்ணெய் இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும். ஒரு வயதான விருந்தாளி வாயில் வைத்துவிட்டு 'உஸ்ஸ்' என்று நாக்கைச் சுட்டுக்கொண்டார். அந்த உஸ்ஸைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் 'இப்படிச் சூடான சாப்பாடு வீட்டில்கூடக் கிடைப்பதில்லை' என்று அவர் எழுதியதை மேடம் படித்துக் காட்டினார். என் அடுப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் கதவு வந்தது. குடோனில் கிடந்த பழைய கதவாம், அதே நிலைக்குச் சரியாகப் பொருந்தியதாம். தச்சர் இழைத்து, எண்ணெய் பூசி மாட்டினார். நான் தட்டோடு போனேன். வாசலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், சிவப்புக் கயிறு. இந்தப் பக்கம் முற்றத்தில், அந்தப் பள்ளம் விழுந்த கற்களைச் சுற்றியும் கயிறு.

சுரண்டி சார் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, மிதிச்சுடாதீங்க! அந்தக் கல்லு மேல இனிமே யாரும் நடக்கக் கூடாது. தேய்மானம்தான் அதோட வேல்யூவே."

"நடந்ததாலதானே சார் தேஞ்சுது?"

"அதேதான். இனிமே தேயக் கூடாது."

"சரி, கல்லை விடுங்க. ஓரமா நடந்து வந்து கதவு வழியா போறேன்."

"எண்ணெய்ப் பொகை, ஆவி எல்லாம் அந்த மரத்துக்கு ஆகவே ஆகாதும்மா. நூத்தம்பது வருஷத்து மரம்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சிரித்தார். தோளில் கை வைத்தார். "நீங்க கண்டுபிடிச்சதாலதான் இது நமக்குக் கெடைச்சிருக்கு. கதவுக்குப் பக்கத்துல ஒரு தகவல் பலகை வைக்கிறோம், அதுல உங்களைப் பத்தியும் எழுதப் போறோம்" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு பழைய வழியே திரும்பினேன். கயிறு கட்டிய கற்களைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் இப்போது அறுபத்தெட்டு தப்படி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், பிறகு மேஜைக்கு வந்து ஆறின முட்டையைச் சாப்பிட்டார்கள், பிறகு வீட்டுக்குப் போய் இரண்டையும் பற்றி எழுதினார்கள். கதவுக்குப் பாராட்டு, முட்டைக்குத் திட்டு. சீசன் முடிந்த மறுநாள் டப்பாக்கள் வந்து இறங்கின.

மேடம் சொன்னபடி எனக்கு வேறு வேலை வந்தது. தினமும் காலை பத்து மணிக்கு, விருந்தாளிகள் டப்பாவைத் தின்று முடித்த பிறகு, வெள்ளைச் சேலையும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு, கையில் வெள்ளித் தட்டு, தட்டின்மேல் மூடியோடு, அந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் சாப்பாட்டறைக்குள் வர வேண்டும். அந்தக் காலத்தில் எப்படி வருவார்கள் என்று காட்டுவதற்காம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மரத்துக்கும் கல்லுக்கும் ஒன்றும் ஆகாது என்று சுரண்டி சார் அனுமதி கொடுத்துவிட்டார். செருப்பு மட்டும் போடக் கூடாது.

"தட்டுல என்ன வைக்கிறது?" என்று கேட்டேன்.

"எதுவும் வேண்டாம். காலியா இருக்கட்டும், உங்களுக்கும் கனம் இருக்காது பாருங்க."

"போக்கா, கைய வீசிக்கிட்டு நடக்கற வேலை. யாருக்குக் கெடைக்கும்?" என்றாள் தங்கச்சி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் ஒன்பதரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. வெண்ணெய் போட்டேன், மூன்று முட்டை உடைத்தேன், வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். ஓரம் மொறுமொறுவென்று வந்ததும் தட்டில் சரித்து மூடியைப் போட்டேன். கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வெறுங்காலோடு அந்தப் பள்ளங்களில் கால் வைத்து நடந்தேன். பதினொன்று. கதவைத் திறந்தேன்.

விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜைக்குப் போய்த் தட்டை வைத்து மூடியைத் திறந்தேன். ஆவி குபீரென்று எழும்பி என் முகத்தில் அடித்தது. "ஐயோ, நெஜமாவே செஞ்சிருக்காங்க!" என்று ஒரு பெண் கைதட்டினாள். எல்லோரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். மேலிருந்து எடுத்தார்கள், பக்கத்திலிருந்து எடுத்தார்கள், தட்டைத் திருப்பி வைத்து எடுத்தார்கள்.

"சாப்பிடுங்க. சூடா இருக்கு" என்றேன்.

"இல்லம்மா, வயிறு ஃபுல். இப்பதான் டப்பா சாப்பிட்டோம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "இது டிஸ்ப்ளேக்குத்தானே?" என்று மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

ஆவி மெலிந்துகொண்டே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் சுவர்மேல் பழியைப் போட்டேன், மழைமேல் போட்டேன், செத்துப்போன துரைசாணிமேல் போட்டேன். இப்போது சுவரும் இல்லை, மழையும் இல்லை. மேஜைமேல், எல்லோர் கண் முன்னாலும், என் ஆம்லெட் ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைமாட்டில் இருந்த பெரிய நாற்காலியை, அதில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிற துரை நாற்காலியை, தரை கீச்சிட இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முள்கரண்டி தேடவில்லை. கையாலேயே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் போனைத் தாழ்த்தினார்கள். மேடம் வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றார். வரட்டும், வேலையை விட்டு அனுப்பட்டும் என்று அடுத்த வாயையும் போட்டுக்கொண்டேன்.

பிறகு கிளிக், கிளிக் என்று சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. கைதட்டல் முன்பைவிடப் பலமாக எழுந்தது. "துரை இல்லாத நேரத்துல இவங்க இப்படித்தான் உக்காந்து சாப்பிடுவாங்களாம்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார்.

மேடம் என் தோளில் கை வைத்தார். குனிந்து, காதோரம், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இது நல்லா இருக்கே, சமையலம்மா. நாளைக்கும் இதையே பண்ணிடுங்க."

வாயில் இருந்ததை அவர் முகத்தில் துப்ப வேண்டும் போல் இருந்தது. துப்பவில்லை, மென்று விழுங்கினேன். ஆறவில்லை அது, இன்னும் சூடாகத்தான் இருந்தது.